மைபொதி விளக்கு: வரலாற்றுப் புதினங்களில் வஞ்சகரின் வேடம்

வரலாற்றுப் புதினங்களை ஊன்றிப் படிக்கும் ஒருவர் எழுப்பிய கேள்வி இது. கதையின் வில்லன் பொய் வேடம் பூண்டு வருகிறான். நாயகனும் பல இடங்களில் பொய் வேடம் பூண்டுதான் காரியம் சாதிக்கிறான். அப்படியிருக்க, ஒருவனுடைய வேடத்தைச் சாமர்த்தியம் என்றும் மற்றவனுடைய வேடத்தை வஞ்சகம் என்றும் எந்த அளவுகோலால் பிரிக்கிறோம்? வில்லன்களிலும் ஒரு சிலருடைய கபடம் மட்டும் படித்துப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்க, மற்றவர்களுடையது புத்தகத்தை மூடியதும் மறந்துபோவது ஏன்?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது என் எண்ணம். பொய்க்குச் சொந்தக் கால் கிடையாது; ஏதேனும் ஒரு மெய்யின் தோளில் ஏறிக்கொண்டுதான் அதனால் நடமாட முடியும். அந்த மெய் ஏமாறுபவரிடம் இருக்கலாம். அவருடைய பக்தியாகவோ, காதலாகவோ, கலை மீதுள்ள தீராத ஆசையாகவோ இருக்கலாம். சில சமயம் ஏமாற்றுகிறவனிடமே அது இருக்கிறது. எந்த மெய்யின் மேல் தன் வில்லனின் பொய்யை ஏற்றி வைக்கிறோம் என்பதை அறிந்து எழுதிய ஆசிரியரின் பாத்திரம் நிலைத்து நிற்கிறது. அதை அறியாமல், பொய்யை மேலும் மேலும் சிக்கலாக்கிக்கொண்டே போனால் பாத்திரம் உயிர் பெற்றுவிடும் என்று நினைக்கும் ஆசிரியர், ஒட்டுத்தாடியும் பொய் முடியுமாக ஒரு பொம்மையைத்தான் செய்து முடிக்கிறார்.

தமிழில் இதற்கு ஆதி உருவம் புதினத்தில் இல்லை; பெரியபுராணத்தில் இருக்கிறது. சேக்கிழார் பாடிய மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் வரும் முத்தநாதனை, தமிழ் வஞ்சகர்கள் அனைவருக்கும் மூதாதை என்றே சொல்லலாம். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருளாரிடம் போர்க்களத்தில் திரும்பத் திரும்பத் தோற்ற பகையரசன் அவன். படையால் வெல்ல முடியாது என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடையை முடித்துக் கட்டி, ஆயுதத்தை உள்ளே மறைத்த புத்தகக் கட்டைக் கையில் ஏந்தி வருகிறான். மனத்தில் கறுப்பை வைத்துக்கொண்டு வந்த அவனை ‘மைபொதி விளக்கே என்ன’ என்று சேக்கிழார் வருணிக்கிறார். விளக்கு ஒளி தருவது உண்மை. அதன் உள்ளே கரி இருப்பதும் உண்மை. முத்தநாதனை இருட்டு என்று சொல்லாமல் விளக்கு என்று சொன்னதில்தான் அந்தப் புலவரின் நுட்பம் இருக்கிறது.

அடுத்து நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அடியார் வேடத்தைக் கண்ட வாயில் காவலர்கள் வழிவிடுகிறார்கள். கடைசி வாயிலில் நிற்கும் தத்தன் மட்டும், அரசர் துயில்கிறார் என்று தடுக்கிறான். அரசனுக்கு ஆகமம் உரைக்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு முத்தநாதன் உள்ளே நுழைகிறான். அரசர் எழுந்து வணங்க, வேறு எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டு வந்திருப்பதாகவும், அதைத் தனியிடத்தில்தான் சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறான். அரசர் தேவியை அப்பால் அனுப்பிவிட்டு, வந்தவனுக்கு இருக்கை தந்து, தாம் தரையில் அமர்கிறார். அவன் மடியில் வைத்துப் புத்தகக் கட்டை அவிழ்த்து ‘பத்திரம்’ ஒன்றை எடுக்கிறான். ஏட்டுக்கும் குறுவாளுக்கும் பொதுவான சொல் அது. ஏட்டை எதிர்பார்த்திருந்த கைகளுக்கு முன்னால் வாள் வருகிறது. அதன்பின் அவன் செய்ததைச் சேக்கிழார் வெளிப்படையாகச் சொல்லவில்லை. தான் முன்னே நினைத்திருந்த அதையே செய்தான் என்று மட்டும் சொல்லி, அந்தக் கொடுஞ்செயலின் பெயரைத் தம் வாயால் உச்சரிக்க மறுத்துவிட்டு, அடுத்த அடியிலேயே நாயனார் ‘தொழுது வென்றார்’ என்று முடிக்கிறார்.

இந்தக் காட்சியில் முத்தநாதனின் நடிப்புத் திறமை மிகக் குறைவு. திருநீறும் சடையும் ஒரு புத்தகக் கட்டும்தான் அவன் கைச்சரக்கு. அவனை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது அடியார் வேடத்தின் மீது நாயனார் வைத்திருந்த மெய்யான பக்தி. அந்தப் பக்தி ஒரு பிடி குறைந்திருந்தால்கூடத் தத்தனுடைய சந்தேகம் வென்றிருக்கும். வஞ்சகத்துக்கு நான் தரும் இலக்கணம் இதுதான்: ஒருவரிடமுள்ள மிகச் சிறந்த குணத்தைக் கண்டறிந்து, அதையே அவரைக் கொல்லும் கருவியாக்குவது. வேடம் உடம்பின் மேல் இருப்பது. ஒற்றனும், தப்பி ஓடுகிறவனும், மாறுவேடத்தில் நகர்சோதனைக்குப் போகும் அரசனும் அதை அணிகிறார்கள். அதில் இன்னும் வஞ்சகம் இல்லை.

முத்தநாதனுக்கு முன்பே சிலப்பதிகாரத்தில் ஒரு பொற்கொல்லன் இருக்கிறான். நூறு கொல்லர்கள் பின்தொடர வரும் பெருமையுடைய அரண்மனைக் கொல்லன் அவன். அவன் பொய் எத்தனை மெய்களின் மேல் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அரசியின் சிலம்பு காணாமல் போனது மெய். கோவலன் கையில் ஒரு சிலம்பு இருப்பதும் மெய். ஊடல் கொண்ட தேவியைத் தேடிச் செல்லும் அரசனுக்கு நின்று விசாரிக்கப் பொறுமை இல்லை என்பதும் மெய். திருடியவன் யார் என்ற ஒன்றை மட்டும் அவன் மாற்றிச் சொல்கிறான். பிறகு, கொலைக்களத்துக் காவலர்கள் கோவலனின் முகத்தைப் பார்த்து இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கும்போது, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களின் துணைகள் எட்டையும் வரிசையாக எடுத்து விளக்குகிறான். உண்மையான கள்வன், களவு நூலின் ஆசிரியனாக நின்று பாடம் நடத்துகிறான். அவன் சொல்லும் எட்டிலும் பிழை இல்லை. அதனால்தான் அந்த உரையைப் படிக்கும்போது உடம்பு நடுங்குகிறது.

இனிப் புதினங்களுக்கு வருவோம். நான் சொல்வதற்கு மிகத் தெளிவான சான்று கல்கியின் இரண்டு புதினங்களில், ஒரே ஆளிடம் கிடைக்கிறது. 1941-இல் தொடங்கிய ‘பார்த்திபன் கனவு’ கதையில் ஒற்றைக் கையுடைய கபாலிகர் ஒருவர் வருகிறார். மண்டையோடு, நரபலி, நள்ளிரவுப் பூசை என்று அச்சமூட்டும் பொருள்கள் எல்லாம் அவரைச் சூழ்ந்திருக்கின்றன. முடிவில் அவர் சளுக்க மன்னன் புலிகேசியின் உடன்பிறந்த நீலகேசி என்று தெரியவருகிறது. அந்தக் கதை முடிந்த பிறகு, 1944 முதல் 1946 வரை வந்த ‘சிவகாமியின் சபதம்’ கதையில் கல்கி காலத்தால் பின்னோக்கிப் போய் அதே ஆளை எடுத்துக்கொண்டார். இங்கே அவர் நாகநந்தி என்னும் புத்த பிக்ஷு. புலிகேசியோடு இரட்டையராகப் பிறந்து, உருவத்தில் வேற்றுமை காண முடியாதவர். இன்று தமிழ் வாசகர்களிடம் கேட்டால் நாகநந்தியை அறியாதவர் குறைவு. கபாலிகரை நினைவு வைத்திருப்பவர் அதைவிடக் குறைவு. ஆள் ஒருவரே, எழுதிய கையும் ஒன்றே. வேறுபாடு எங்கே வந்தது? கபாலிகரிடம் இருப்பதெல்லாம் வேடம். நாகநந்தியிடம் வேடத்துக்குள்ளே ஒரு மெய் இருக்கிறது: அவர் கலையை உண்மையாகவே உயிருக்கு உயிராக நேசிக்கிறார்.

ஆயனச் சிற்பியின் வீட்டுக்குள் அவர் நுழையும் வழியைப் பாருங்கள். அஜந்தா ஓவியங்களின் வர்ணங்கள் நூற்றாண்டுகள் கடந்தும் மங்காதிருக்கும் இரகசியத்தை அறிந்துவிட வேண்டும் என்பது ஆயனரின் வாழ்நாள் ஏக்கம். நாகநந்தி பேராசை காட்டவில்லை, அச்சுறுத்தவில்லை. அஜந்தாவைப் பற்றிப் பேசுகிறார். அஜந்தாவில் வாழ்ந்தவராதலால் அந்தப் பேச்சில் பொய்யே இல்லை. கலைஞரும் கலைஞரை அறிந்தவரும் பேசிக்கொள்ளும் பேச்சு அது. அந்தப் பேச்சின் முடிவில் ஓர் ஓலை எழுதப்படுகிறது. வர்ண இரகசியத்தைக் கேட்டு எழுதிய ஓலை என்று நம்பி, பரஞ்சோதி என்னும் இளைஞன் அதை எடுத்துக்கொண்டு வடக்கே புறப்படுகிறான். அதற்குள் இருப்பது பல்லவ நாட்டின் மீது படையெடுக்கும்படி புலிகேசிக்கு எழுதிய செய்தி. ஒரு சிற்பியின் தவிப்பு, ஒரு நாட்டின் அழிவைச் சுமந்து செல்லும் உறையாக ஆக்கப்படுகிறது. முத்தநாதனின் புத்தகக் கட்டும் இந்த ஓலையும் ஒன்றுதான்; இரண்டிலும் ஏட்டுக்குள் ஆயுதம் இருக்கிறது.

ஆனால் நாகநந்தி முத்தநாதனைவிட ஒருபடி மேலே போகிறார். முத்தநாதனுக்குச் சிவபக்தி இல்லை. நாகநந்திக்குக் கலைப்பித்து இருக்கிறது. ஆயனரின் மகள் சிவகாமியின் ஆடலைக் கண்டு அவர் உருகுவது நடிப்பன்று. அவர் மற்றவர்களை ஏமாற்றப் பயன்படுத்தும் அதே உணர்ச்சி அவரையும் உள்ளிருந்து தின்கிறது. துறவியின் காவிக்குள் ஒற்றன் இருக்கிறான், ஒற்றனுக்குள் காதலன் இருக்கிறான், காதலனுக்குள் அரியணையை இழந்த ராஜகுமாரன் இருக்கிறான். இந்த நால்வரில் எவர் பேசுகிறார் என்று சிவகாமிக்கும் தெரிவதில்லை. பல இடங்களில் நாகநந்திக்கே தெரிவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தன் வேடம் எங்கே முடிந்து தான் எங்கே தொடங்குகிறோம் என்ற எல்லையை மறந்துபோன மனிதர் அவர். அதனால்தான் அவரை வெறுத்துக்கொண்டே அவருக்காக வருந்தவும் முடிகிறது.

இதே கதையில்தான் நாயகர் வேடத்துக்கும் வஞ்சகர் வேடத்துக்கும் உள்ள வேறுபாடும் விளங்குகிறது. மகேந்திரவர்ம பல்லவர் வஜ்ரபாஹு என்ற வீரனாக மாறுவேடம் பூண்டு, பரஞ்சோதியை வழியில் சந்தித்து, அவன் உறங்கும்போது ஓலையை மாற்றிவிடுகிறார். செயலை மட்டும் பார்த்தால் இதுவும் ஏமாற்றுதான். நம்பிய இளைஞனிடம் செய்த ஏமாற்று. நாட்டைக் காக்கச் செய்தார் என்று நோக்கத்தைச் சொல்லி அவரை விடுவித்துவிடலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை, ஏனென்றால் நாகநந்தியும் தம் தம்பியின் சாம்ராஜ்யத்துக்காகத்தான் தொடங்கினார். நான் காணும் வேறுபாடு வேறு. மகேந்திரரின் வேடம் பரஞ்சோதியிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவன் அறியாமல் சுமந்த கேட்டை அவனிடமிருந்து அகற்றியது. நாகநந்தியின் வேடம் ஆயனரின் கலையார்வத்தையே கறைப்படுத்தியது. அதன்பின் அஜந்தா என்ற சொல்லை அந்தச் சிற்பி பழைய தூய்மையோடு எப்படிச் சொல்ல முடியும்?

கல்கி இதோடு நிறுத்தாமல், நாயகரையும் கணக்குத் தீர்க்க வைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். முற்றுகை முடிந்து சமாதானமாகிக் காஞ்சிக்குள் விருந்தாளியாக வந்த புலிகேசியிடம், வஜ்ரபாஹுவாக வந்து ஓலையை மாற்றியது தாம்தான் என்று மகேந்திரர் வெளிப்படுத்திவிடுகிறார். தம் சாமர்த்தியத்தைச் சொல்லிக் காட்டும் அந்த ஒரு கணத்தின் விலை மிகப் பெரியது. ஏமாற்றப்பட்டதை அறிந்த சளுக்கன் சீறிச் சென்று பல்லவ நாட்டை அழிக்கிறான், சிவகாமி சிறைபிடிக்கப்படுகிறாள். நல்லவர் போட்ட வேடமும் வேடம்தான் என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. இத்தகைய நேர்மை இல்லாத வரலாற்றுக் கதைகளில், நாயகன் பொய் சொன்னால் மதியூகம், வில்லன் பொய் சொன்னால் சதி என்று ஒருபக்கத் தராசு தொங்கிக்கொண்டிருக்கும். வாசகர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்று உணர்கிறார்.

‘பொன்னியின் செல்வன்’ (1950-1954) கதையில் வஞ்சகம் ஒரே இடத்தில் இல்லாமல் அடுக்கடுக்காக இருக்கிறது. அதில் என்னை மிகவும் கவர்ந்தது மூடுபல்லக்கு. கிழவரான பெரிய பழுவேட்டரையர் தம் இளம் மனைவி நந்தினியைப் பிரிந்திருக்க முடியாமல், போகுமிடமெல்லாம் பல்லக்கில் அழைத்துச் செல்கிறார் என்று நாடே ஏளனம் செய்கிறது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடும் கூட்டத்தை வந்தியத்தேவன் மறைந்திருந்து பார்க்கிறான். பழுவேட்டரையர் பல்லக்கின் அருகே சென்று திரையை விலக்குகிறார். பொன்னிறமான ஒரு கை முதலில் வெளியே தெரிகிறது. பெண்ணின் கை என்றே இதுவரை எண்ணியிருந்த கை. அதைத் தொடர்ந்து வெளியே இறங்குகிறவர் மதுராந்தகத் தேவர். சோழ அரியணைக்கு உரிமை கோரும் இளவரசர் ஒரு பெண்ணின் திரைக்குப் பின்னால் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டிருக்கிறார்.

அந்த இரகசியத்தைக் காத்த திரை பட்டுத்துணியன்று. மக்களின் ஏளனம்தான் உண்மையான திரை. கிழவரின் மோகத்தைப் பார்த்துச் சிரித்த எவருக்கும் உள்ளே இருப்பது யார் என்று எட்டிப்பார்க்கத் தோன்றவில்லை. அறுபத்து நான்கு விழுப்புண்களைத் தாங்கிய வீரர், தம் மானத்தையே விலையாகக் கொடுத்து அந்தப் பொய்யைக் காக்கிறார். இன்னும் ஒரு அடுக்கு இருக்கிறது. ஏளனத்துக்குக் காரணமான அந்த மோகம் உண்மையானது. அதைப் பற்றிக்கொண்டு நந்தினி அவரை நடத்துகிறாள். மதுராந்தகனை அரசனாக்கும் தம் திட்டம் நடக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருக்க, பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலைக்குப் பழிவாங்கும் அவளுடைய திட்டம் அதே பல்லக்கில் ஏறிப் பயணம் செய்கிறது. ஏமாற்றுகிறவரே ஏமாற்றப்படும் இந்த அமைப்பில், பழுவேட்டரையர் வில்லனாகத் தொடங்கி என் கண்ணுக்கு அக்கதையின் மிகத் துயரமான மனிதராக முடிகிறார். கொள்ளிட வெள்ளத்தில் சிக்கிக் கரையேறி, திருப்புறம்பயத்துப் பள்ளிப்படைக்கு அருகே கிடக்கும்போது சதிகாரர்களின் பேச்சு அவர் காதில் விழுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுதும் தம் முகத்தை மறைத்தறியாத அவர், முதல்முறையாகக் காளாமுகர் கோலத்தில் தம்மை மறைத்துக்கொண்டு கடம்பூருக்குப் போகிறார். ஏமாந்தவர் வேடம் பூண வேண்டி வருவதைவிடப் பெரிய தண்டனையை ஒரு கதாசிரியர் விதிக்க முடியுமா என்று தெரியவில்லை.

நந்தினியைப் பற்றிப் பலரும் அவளுடைய அழகையும் பேச்சுத் திறனையுமே சொல்கிறார்கள். அவளுடைய வஞ்சகத்தின் வேர் அழகில் இல்லை. உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த வீரபாண்டியனுக்காகச் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் காலில் விழுந்து அவள் கெஞ்சினாள். அவன் வாள் நிற்கவில்லை. அந்தக் கண்ணீர் பாசாங்கன்று. பின்னாளில் அவள் சிந்தும் ஒவ்வொரு பொய்க் கண்ணீரும் அந்த ஒரு மெய்க் கண்ணீரிலிருந்து ஊறி வருகிறது. அழகான பெண் என்றாலே வஞ்சகி என்று எழுதிவிடுவது வரலாற்றுப் புதினங்களில் பெருகிவிட்ட சோம்பல்; நந்தினியைப் பார்த்து எழுதியவர்கள் அவளுடைய கொண்டையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணீரை விட்டுவிட்டார்கள்.

அதே கதையில் எனக்கு நிறைவளிக்காத பாத்திரம் ரவிதாஸன். காரணம் வரலாற்றிலிருந்தே வருகிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது என்று ஆய்வாளர்கள் பெரிதும் ஒப்புக்கொள்ளும் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினர்கள் உட்படப் பலரின் நிலவுடைமை குறித்து அரசு எடுத்த நடவடிக்கையைப் பதிவு செய்கிறது அது. கவனிக்க வேண்டியது அவர்களுடைய பட்டங்கள். ரவிதாஸன் ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’, பரமேஸ்வரன் ‘இருமுடிச்சோழ பிரமாதிராஜன்’. பிரமாதிராஜன் என்பது உயர்நிலை அந்தண அதிகாரிகளுக்கு அரசு வழங்கிய பட்டம். ஆக, துரோகி என்ற சொல்லும் அரசன் தந்த விருதும் ஒரே கல்லில், ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்கின்றன.

பொதுவாகக் கல்வெட்டு மனிதரின் வெளிமுகத்தைத்தான் தரும். யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார், என்ன பட்டம் பெற்றார் என்று சொல்லுமே தவிர, அவர் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்லாது. பாசாங்குக்காரருக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. அவர் பூண்ட முகமே கல்லில் நிலைத்துவிடும். உடையார்குடிக் கல்லில் மட்டும் அந்த முகத்தில் ஒரு விரிசல் விழுந்து உள்ளே தெரிகிறது. கல்கி அந்த விரிசலைக் கண்டு பெயர்களை எடுத்துக்கொண்டார், பட்டங்களை விட்டுவிட்டார். அவருடைய ரவிதாஸன் ஆந்தையைப் போலக் குரல் கொடுத்து நள்ளிரவில் திரியும் மந்திரவாதி. காண்பவர் எவரும் முதல் பார்வையிலேயே அஞ்சி விலகிவிடுவார்கள்; அவனை நம்பி ஏமாற ஆளில்லை. அரசு விருதைத் தாங்கி, சபையில் மரியாதையோடு அமர்ந்து, காலையில் அரசாணையைப் படித்துவிட்டு மாலையில் இளவரசனின் கொலைக்கு நாள் குறிக்கும் ஓர் அதிகாரியை எண்ணிப் பாருங்கள். தொடர்கதையின் விறுவிறுப்புக்கு மந்திரவாதி உதவியிருப்பான் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கல் காட்டிய மனிதன் அவனைவிடப் பயங்கரமானவன்.

பிறமொழிகளிலும் இதே விதி செல்லும். பக்கிங்ஹாம் பிரபுவை 1628-இல் போர்ட்ஸ்மவுத் நகரில் ஜான் ஃபெல்டன் என்ற படை அதிகாரி குத்திக் கொன்றது வரலாறு. பதவி உயர்வும் சம்பளப் பாக்கியும் கிடைக்காத மனக்குறை அவனுக்கு இருந்தது. அலெக்சாந்தர் துய்மா 1844-இல் வெளியிட்ட ‘மூன்று மஸ்கடியர்கள்’ கதையில் அந்தக் கொலைக்குப் பின்னால் மிலேடி என்ற கற்பனைப் பெண்ணை நிறுத்தினார். சிறையில் அடைபட்ட அவளுக்கு ஃபெல்டன்தான் காவல். அவன் தூய்மைநெறிக் கிறித்தவன் என்பதைக் கண்டுகொண்டதும், அவள் அழகைக் காட்டி மயக்க முயல்வதை விட்டுவிட்டுத் தானும் அந்நெறியைச் சேர்ந்தவள் போலப் பிரார்த்தனைப் பாடல் பாடத் தொடங்குகிறாள். ஐந்தே நாளில் சிறைக் காவலன் கொலையாளியாகிறான். அசைக்க முடியாதவன் என்று நம்பித்தான் அவனைக் காவல் வைத்தார்கள். அவன் அசைந்தது நம்பிக்கையின்மையால் அன்று, நம்பிக்கையின் உறுதியால்.

உடற்குறையை வஞ்சகத்தின் அடையாளமாக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மூன்றாம் ரிச்சர்டு கூன் முதுகும் சூம்பிய கையும் உடையவன். இரண்டு ஆயர்களுக்கு நடுவே பிரார்த்தனை நூலோடு தோன்றி, மகுடம் வேண்டாம் என்று மறுப்பதுபோல் நடித்து அதைப் பெற்றுக்கொள்ளும் காட்சி பாசாங்கை மேடையில் காட்டும் காட்சிகளில் தலைசிறந்தது. அவனுடைய எலும்புக்கூடு லெஸ்டர் நகரில் 2012-இல் தோண்டியெடுக்கப்பட்டபோது, முதுகெலும்பு வளைந்திருந்தது உண்மை என்றும் கை சூம்பியிருக்கவில்லை என்றும் தெரிந்தது. அவனை வென்று அரியணை ஏறிய டியூடர் வம்சத்தின் காலத்தில் எழுதப்பட்ட கதைக்கு அந்தக் கை தேவைப்பட்டிருக்கிறது. உள்ளத்தின் கோணலை உடம்பில் எழுதிக் காட்டிவிட்டால் பாசாங்குக்கே வேலையில்லாமல் போகிறது என்பதோடு, குறையுள்ள உடம்போடு வாழும் மனிதர்கள் மீது அது சுமத்தும் பழி எளிதில் கழுவக்கூடியதுமன்று.

சமய வேடத்திலும் இதே பொறுப்பு உண்டு. காவி உடுத்த வஞ்சகனைப் படைக்கும்போது, அந்தக் காவியை உண்மையாக உடுத்தவர்கள் எங்கே என்ற கேள்வி எழும். பெரியபுராணத்தில் முத்தநாதன் ஒருவனைச் சுற்றி மெய்யடியார்கள் நிறைந்திருப்பதால் திருநீற்றுக்கு இழுக்கு நேரவில்லை. ‘சிவகாமியின் சபதம்’ கதையில் நாகநந்திக்கு எதிர்நிற்கும் அளவுக்கு மனத்தில் பதியும் நல்ல பிக்ஷு ஒருவர் இல்லாதது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படுகிறது. வரலாற்று மகேந்திரவர்மர் இவ்விஷயத்தில் இன்னும் சமநிலையோடு இருந்தார். அவர் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சியிலேயே நடக்கும் எள்ளல் நாடகம். மதுவும் மங்கையும் துறவிகளுக்கு விலக்கப்பட்டதே என்று ஏங்கும் நாகசேனன் என்ற பிக்ஷு அதில் வருகிறான். ஆனால் காணாமல் போன மண்டையோட்டுக்காக அவனோடு சண்டையிடும் கபாலிகனும், நடுவுசெய்ய வரும் பாசுபதனும் அதே அளவு எள்ளலுக்கு ஆளாகிறார்கள். கல்கியும் பின்னால் இந்தக் குறையை ஈடு செய்தார். ‘பொன்னியின் செல்வன்’ கதையில் காய்ச்சலால் துவண்ட அருள்மொழிவர்மனை மறைத்து வைத்துக் காப்பாற்றுவது நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்துப் பிக்ஷுக்கள்.

வரலாற்றுப் புதினம் எழுத முனைபவர் ஒருவர், வஞ்சகனின் உள்ளத்தை எங்கிருந்து தொடங்கி எழுதுவது என்று கேட்டால், மறுபடியும் திருக்கோவலூருக்கே அழைத்துச் செல்வேன். குத்துண்டு சாய்ந்த நாயனார், வாளோடு பாய்ந்த தத்தனை ‘நமர்’ (நம்மவர்) என்ற ஒரு சொல்லால் தடுத்து, வந்தவனுக்குத் தீங்கு நேராமல் ஊரெல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடும்படி பணிக்கிறார். கொதித்தெழுந்த மக்களுக்கு நடுவே தத்தன் அவனைக் காத்து நடத்திச் செல்கிறான். தான் குத்திய மனிதரின் ஆணையே தனக்கு வேலியாக இருக்க, மேனியில் இன்னும் கலையாத திருநீற்றோடு முத்தநாதன் அந்த வழி முழுதும் நடக்கிறான். திரும்பி வந்த தத்தன் வாயால் செய்தி கேட்ட பிறகே நாயனாரின் உயிர் அமைதி அடைகிறது. அந்த நடையின்போது முத்தநாதனின் மனத்தில் என்ன ஓடியது என்று சேக்கிழார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வழி இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.